வெள்ளிக்கிழமைச் சரக்கு

வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கை ஆண்கள் தோளில் ஏற்றிய அதே நொடியில் அஸ்பியாவின் கைப்பைக்குள், போனில், பதிப்பாளர் அதிர்ந்தார். வாப்பா வாசலைத் தாண்டும்வரை அதிர்ந்துவிட்டு ஓய்ந்தார். கடைசி அத்தியாயம் எங்கே என்பதைத் தவிர அவருக்குக் கேட்க வேறொன்றும் இல்லை. கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவுக்காக உம்மா உள்ளறைத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அடுத்தவர் வாழ்க்கையை எழுதித் தருவது அஸ்பியாவின் தொழில். சென்னையில் மில் வைத்திருப்பவர், கல்லூரி வைத்திருப்பவர் எல்லாரும் பேசுவார்கள், இவள் எழுதுவாள், அட்டையில் அவர்கள் பெயர் வரும். தன் பெயர் போட்டு வரப்போகும் முதல் புத்தகத்துக்கு அவள் பிடித்த ஆள், பழவேற்காட்டில் காலமெல்லாம் இறால் வாங்கி விற்ற அப்துல் லத்தீப். சொந்த வாப்பா, சுலபமாகப் படிவார் என்று கணக்குப் போட்டாள்.

படியவில்லை. ஏலத்தில் பழகிய நாக்கு மொத்தச் சரக்கையும் ஒரே நாளில் இறக்குமா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, வாசலில் எதிரெதிரே கிடக்கும் இரண்டு நீல நாற்காலிகளில் ஒன்றில் உட்காருவார். கதை நல்ல இடத்துக்கு வந்ததும் எழுந்து கைலியை உதறுவார். "மீதி அடுத்த வெள்ளி."

"கஸ்டமர்கிட்ட இப்படிப் பண்ணா ஓடிப்போயிடுவான் வாப்பா."

"நீ ஓடலியே."

பெருநாளுக்குப் பெருநாள் மட்டும் வந்துகொண்டிருந்தவள் வாரந்தவறாமல் பொன்னேரியில் ரயிலிறங்கிப் பஸ் பிடித்தாள். கதை கடைசியாக நின்றது புயல் இரவில். வாலிப வயதில் வாப்பா சரக்கோடு படகில் வருகிறார். வாடைக்காற்று. இஞ்சின் நின்றுவிட்டது. முகத்துவாரம் படகைக் கடலுக்கு இழுக்கிறது. தூரத்தில் ஒரே ஒரு வெளிச்சம். அன்றைக்குப் பிறகுதான் படகேறுவதையே விட்டாராம். அந்த வெளிச்சம் யாருடையது? மீதி அடுத்த வெள்ளி.

புதன்கிழமை மார்வலி முந்திக்கொண்டது.

அடக்கம் முடிந்து லோகநாதன் வந்தார். குப்பத்து மீனவர். ஆயுசு முழுக்க வாப்பாவுக்கு இறால் போட்டு, ஆயுசு முழுக்க விலைக்குச் சண்டை போட்டவர். நீல நாற்காலியில் உட்காரப் போனவர், சட்டென்று நகர்ந்து வாடகை நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டார்.

தொழில்புத்தி எழவு வீட்டிலும் தூங்காது. எந்தச் சம்பவத்துக்கும் இன்னொரு சாட்சி வேண்டும் அஸ்பியாவுக்கு. "லோகு மாமா, வாப்பா புயல்ல மாட்டினாரே, அது எந்த வருஷம்?"

"இன்னாது? பாயா? படகுலயா?" வந்த சிரிப்பைத் துண்டால் பொத்தினார். "கரையில கட்டின படகுல கால வெச்சாலே வாந்தி எடுக்கற மனுசன்மா. அது என் கதை."

"உங்க கதையா?"

"ஒரு வியாழக்கெழம வந்தாரு. 'லோகு, புள்ள நாளைக்கி வருது. எங்கையில சரக்கு தீந்துபோச்சு, எதுனா குடு'ன்னாரு. உசுரு போய் வந்த கதை, சும்மா குடுப்பனா? பிரியாணின்னேன். டீன்னாரு. டீயும் தொட்டுக்கப் பொறையும்னு படிஞ்சிது." துண்டைத் தோளில் போட்டார். "அதையும் மொத்தமா வாங்கிக்கல. வாரம் ஒரு துண்டு. 'முழுசா தெரிஞ்சா வாய் நிக்காதுடா, ஒரே நாள்ல கொட்டிப்புடுவேன்'னாரு."

கைப்பை மறுபடி அதிர்ந்தது. அட்டையில் 'உண்மை வாழ்க்கை' என்று போடுவதாகச் சொன்ன பதிப்பாளர். அஸ்பியா எடுத்தாள்.

"இன்னும் முடியல சார்... இல்ல, எப்பன்னு சொல்ல முடியாது... உங்க இஷ்டம் சார், வேற யாரோடதாவது போட்டுக்கோங்க."

வைத்துவிட்டு நிமிர்ந்தாள். லோகநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கி வியாழக்கெழமதானே. கடைசித் துண்ட வாங்கிக்கினு போயிருக்கணும் பாய். நான் சொல்லிடறேன். அந்த வெளிச்சம் இருக்குதே, அது..."

"வேணாம் மாமா."

"இன்னாமா, முடிவு வேணாமா?"

"அடுத்த வெள்ளி வர்றேன்."

லோகநாதன் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். பிறகு, "டீயும் பொறையும்" என்றார்.

"டீ மட்டும்."

வாடகைக்காரர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்து, எதிரெதிரே கிடந்த நீல நாற்காலிகளில் கைவைத்தார்.

"அது ரெண்டும் எங்களது." திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல். "அப்படியே இருக்கட்டும்."