மதிலோரத்து மரச்சீனி

வளைகுடா நாட்டு ருவைஸ் குவார்ட்டர்ஸில் ரெக்ஸ்லின் நட்ட மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்குச் செடி, மதிலுக்கு மேல் வளர்ந்து நின்றது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த கனடாக்கார எஞ்சினியர் கிரெக், அதன் விரல்விரலான இலையைப் பார்த்துப் பதறிப்போனார்.

“முதல்முறையா வளக்கிறீங்களா?” என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். “எங்க நாட்டுல இப்பதான் சட்டம் வந்திருக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்தா வீட்டுலயே வளக்கலாம். எங்கம்மா மூட்டுவலிக்கு வளக்கிறாங்க. இங்கே பிடிச்சா ஜெயில்தான்!”

ரெக்ஸ்லினுக்குத் தலை சுற்றியது. நர்ஸ் வேலையில் எத்தனையோ சீட்டு பார்த்தவள், மரச்சீனிக்குச் சீட்டு கேட்கும் ஊரைக் கேள்விப்பட்டதே இல்லை. அதுவும் மூட்டுவலிக்காம்! வாயு பிடித்து வலி கூடத்தானே செய்யும்?

சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்த கணவன் விஜின், அவள் சொன்னதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “எட்டீ, அவரு இத கஞ்சான்னுல்லா நெனச்சிருக்காரு!”

அவள் விறுவிறுவென்று போய் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, மண்ணும் கிழங்குமாக மதிலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். கிரெக் முகத்தில் அசடு வழிந்தது.

அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் அவித்த கிழங்கையும் சாளை மீன் குழம்பையும் ஒரு பிடி பிடித்த கிரெக், இன்னும் வேண்டுமென்று தட்டை நீட்டினார்.

ரெக்ஸ்லின் கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு கேட்டாள்: “டாக்டர் சீட்டு இருக்கா?”