கேட்டில் திறந்த கேரியர்

தாம்பரத்தில் தேவானந்தம் நடத்திய லேத் பட்டறையில் டிரில் பிட்டுகள் அடிக்கடி காணாமல் போயின. வீடு திரும்பும் ஆட்களின் சாப்பாட்டுக் கேரியர்களைத் திறந்து பார்க்கும்படி வாட்ச்மேன் சேட்டுவுக்கு அவர் உத்தரவிட்டார். அதைக் கேட்டதும் லேத்துகள் நின்றன.

"எங்களத் திருடன்னு சொல்றீங்களா சார்?" என்று கேட்டார் சங்கத் தலைவர் சவுரிமுத்து.

"மடியில கனமில்லாதவன் காட்டிட்டுப் போகட்டுமே."

"அப்ப ஒங்களதயும் காட்டுங்க. பின்னாலயே நாங்க நிக்கிறோம்."

சொன்ன சொல்லை மாற்றுவது தேவானந்தத்தின் குடும்பத்தில் இல்லாத வழக்கம். அன்று மாலை கேட்டில் வரிசையின் முதல் ஆளாக நின்றார். சேட்டு அவருடைய கேரியரின் மூடியைத் தூக்கினான். உள்ளே கருவாட்டுக் குழம்பின் மிச்சமும் முருங்கைச் சக்கையும் கிடந்தன.

"சார் முருங்கக்காய நல்லா சப்பிக்கினு கீறாரு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அவருக்குக் காது சுட்டது. தன் வீட்டு அடுப்படியில் அந்நியன் ஒருவன் நுழைந்துவிட்டதுபோல் இருந்தது. அடுத்து நின்ற சவுரிமுத்து சிரிக்காமல் தன் கேரியரை நீட்டினார். அதன் மூடிமேல் தேவானந்தம் கை வைத்தார்.

"வேணாம். இனிமே பிட்டு வச்சிருக்கிற டூல்ரூம் சாவி சங்கத்துகிட்டயே இருக்கட்டும். பிட்டு கொறைஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றோம் சார்" என்றார் சவுரிமுத்து.