செப்டம்பர் பரீட்சை

டேல் கொவால் கோல் போட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஐஸ் ஹாக்கி அணியில் அவனுக்குக் கொடுத்த வேலை அடிப்பது. எதிரணிக்காரன் எவனாவது வரம்பு மீறினால் பயிற்சியாளர் மெர்வ் டேலின் தோளைத் தட்டுவார். இவன் இறங்குவான், கையுறைகள் கீழே விழும், யாருக்காவது ரத்தம் வரும். அப்பா நிக்கல் சுரங்கத்துக்கு நுரையீரலைக் கொடுத்தார். மகன் இங்கே தலையைக் கொடுத்தான்.

சீசன் தொடங்குமுன், செப்டம்பரில், கணினி முன் உட்காரவைத்து ஒரு மூளைப் பரீட்சை வைப்பார்கள். சில சொற்களைக் காட்டி மறைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்கும். பின்னால் தலையில் அடிபட்டால் அதே பரீட்சை மறுபடியும். செப்டம்பரில் வாங்கியதைவிட மதிப்பெண் குறைந்தால் ஆட விடமாட்டார்கள். ஆடாதவன் இடத்தை இன்னொருவன் பிடித்துக்கொள்வான். அதனால் செப்டம்பரில் எல்லோரும் வேண்டுமென்றே தப்பாகப் போடுவார்கள். மதிப்பெண்ணில் கடைசியாக வந்தவனுக்கு மற்றவர்கள் பீர் வாங்கிக் கொடுப்பது வழக்கம். டேல் பல வருடம் ஓசியில் குடித்தவன்.

ஜனவரியில் ஒரு சண்டையில் தலைக்கவசம் கழன்று பின்மண்டை பனித்தரையில் மோதியது. அதன்பின் வெளிச்சம் ஊசியாய்க் குத்தியது. மனைவி ஆர்லீன் பொரித்துக் கொடுத்த முட்டையைத் தின்று முடித்துவிட்டு, சாப்பாடு எப்போது என்று அவளையே கேட்டான். போதும் என்று அன்று முடிவு செய்தான். காயம் என்று டாக்டர் சொன்னால் ஒப்பந்தம் முடியும்வரை அணி அவனுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். தானாக நின்றால் ஒன்றும் கிடையாது.

இந்த முறை பரீட்சையை ஒழுங்காக எழுதினான். வியர்க்க வியர்க்க ஒவ்வொரு சொல்லையும் தேடினான். முக்கால்வாசி வரவில்லை.

அணி டாக்டர் ஹேம் திரையைப் பார்த்தார். "செப்டம்பர்ல இருந்த மாதிரியேதான் இருக்க. ஒண்ணும் குறையல."

"அப்ப வேணும்னே தப்பா போட்டேன், டாக்டர்."

"தெரியும். எல்லாப் பயலும் அப்படித்தான் போடறான். அதுக்கு நான் என்னன்னு எழுதறது?"

கதவோரம் நின்ற மெர்வ், ஆடு, இல்லையென்றால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்றார். குரலை உயர்த்தவில்லை. உடை மாற்றும் அறையில் லூக் பெரோ, தப்பாகப் போடும் வித்தையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன், ஸ்கேட் கயிற்றை இழுத்துக் கட்டியபடி சிரித்தான். "பாஸாயிட்டியாமே? அப்ப இன்னிக்கு பீர் உன் செலவுடா."

அன்றைய ஆட்டத்திலும் மெர்வ் தோளைத் தட்டினார். டேல் இறங்கி ஒருவன் மூக்கை உடைத்தான். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சண்டை போட்டவனைக் கொஞ்ச நேரம் உட்காரவைக்கும் தண்டனைப் பெட்டியில் நேரம் முடிந்து கதவு திறந்ததும், நேராக எதிரணியின் பெஞ்சுக்குப் போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தான்.

வம்புக்குத்தான் போகிறான் என்று நினைத்து அரங்கமே எழுந்து கத்தியது. மெர்வ்கூடச் சிரித்தார்.

டேல் பக்கத்தில் இருந்தவனிடம் மெதுவாகக் கேட்டான்: "ஆட்டம் ஆரம்பிச்சாச்சா?"

அவன் டேலின் முகத்தைப் பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தான்.