பன்னிரண்டாவது வகை இன்னும் சாகவில்லை

மாலை ஆறு மணிக்குள் பஸ் டிரைவர் செத்தாக வேண்டும் என்று அவள் மனதார வேண்டிக்கொண்டிருந்தாள். அவர்மேல் அவளுக்கு எள்ளளவும் மனத்தாங்கல் இல்லை. உண்மையைச் சொன்னால், சாக வேண்டியவர் அவரும் அல்லர். அவர் கையிலிருந்த தாளில் ஆறு வாரங்களாகக் கீறல் படாமல் வாழ்ந்துவரும் கற்பனை ஆள்தான்.

அண்ணனுடைய கண்ணாடிக்கடையின் பின்னறையில் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்து அட்டை. மேசைமேல் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் வைக்கும் வெல்வெட் தட்டு. அந்தத் தட்டில்தான் அவர்கள் பகடை உருட்டுவார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாக நுழைந்து, என்ன செய்வோம் என்று வாயால் சொல்லி, பலிக்குமா என்று பகடையைக் கேட்கும் விளையாட்டு அது. மூன்று ஆண்டுகளாக வார விடுமுறைதோறும் அவர்களே உட்கார்ந்து உருவாக்கியது. விதிகள் யாவும் இப்போது புத்தகமாகத் தயார். அச்சகத்தார் ஆறு மணிக்குள் கோப்பை அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

குறை ஒன்றே ஒன்றுதான். ஆட வருபவர் முதலில் ஒரு பாத்திர வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாளேந்தி, பறவையழைப்பி, நிழல்தாங்கி என்று பதினொரு வகைகள் முடிவாகிவிட்டன. பன்னிரண்டாவது வகை அவள் உருவாக்கியது. அது சாகவில்லை; ஆகையால் அதற்குப் பெயரும் இல்லை.

அந்த வழக்கம் வந்த கதை இதுதான். தொடக்க நாள்களில் அண்ணன் 'மாமந்திரர்' என்று ஒரு வகையை ஆடம்பரமாகப் பெயரிட்டுக் கொண்டுவந்தார். இரண்டாவது அறையிலேயே மாமந்திரர் செத்துப்போனார். அவர் இல்லை என்பதையே கவனிக்காமல் மற்றவர்கள் டீயைக் குடித்துக்கொண்டு ஆட்டத்தை நடத்தி முடித்தார்கள். அன்றே தீர்மானம் ஆயிற்று: எந்த வகையும் ஒரு முறையாவது ஆட்டத்தில் சாகாமல் புத்தகத்தில் ஏறக்கூடாது. செத்த பிறகு அரைமணி நேரம் ஆட்டம் தொடர வேண்டும். எது இல்லாமல் தவிக்கிறார்களோ அதிலிருந்து பெயர் வர வேண்டும். ஒருவரும் தவிக்காவிட்டால் தாளைக் கிழித்துவிட வேண்டியதுதான்.

அவள் எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் தீப்பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஒத்திகை மணி அடித்ததும் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்குவார்கள். அவள் மட்டும் மாடி மாடியாக, கழிவறைகள் உட்பட, எட்டிப் பார்த்துக் கதவுகளைச் சாத்திக்கொண்டு கடைசியாக வருவாள். அந்த வேலையிலிருந்துதான் தன் பாத்திர வகையை எடுத்திருந்தாள். இவர் எப்போதும் கடைசியாக நடப்பார். இவர் சாத்திய கதவை எந்தப் பகையும் திறக்க முடியாது. ஒவ்வொரு புது இடத்திலும் தலைகளை எண்ணிச் சொல்வார். எண்ணிக்கை தவறினால் ஆட்டத்தை நடத்துபவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

யாரிடம் கொடுத்தாள் என்பதில்தான் பிழை நேர்ந்தது. பஸ் டிரைவருக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'பிரேக்கு'. பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டி ஓர் ஓரக்கீறல்கூடப் போடாதவரிடம், முதுகுப்பக்கம் யாரும் தாக்க முடியாத பாத்திரத்தையும் கொடுத்தால் அவர் எங்கிருந்து சாவார்?

"தரைய முதல்ல கம்பால தட்டிப் பாக்கறேன்," என்றார் பிரேக்கு.

"சார், இது ரோடு இல்ல, உப்புச் சுரங்கம்," என்றார் அண்ணன்.

"பள்ளம்னா எல்லா இடத்துலயும் பள்ளம்தானே சார்."

"மணி நாலரை ஆகுது. இவர் இன்னும் தரையைத் தட்டிட்டிருக்கார்," என்றாள் அண்ணி. பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை, ஆட்டத்தில் வாளேந்தி. புத்தகத்தின் படங்கள் எல்லாம் அவள் கைவண்ணம். பன்னிரண்டாவது பக்கத்துக்குச் சட்டத்தை மட்டும் வரைந்து, உள்ளே முகமில்லாமல் விட்டிருந்தாள். "நாத்தனாரே, நீ இவருக்குப் பாத்திரம் செஞ்சியா, காப்பீடு எடுத்துக் கொடுத்தியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூரை இடிந்தது, பிரேக்கு ஏற்கெனவே சுவரோரம் நின்றிருந்தார். குருட்டு ஓநாய்கள் வந்தன. அவர் சாத்திய கதவில் மோதித் திரும்பின. சுரங்கத்தில் சிக்கியிருந்த எட்டுத் தொழிலாளர்களையும் மீட்டு, மூன்று வீரர்களும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். "பதினொண்ணு. சரியா இருக்கு, போகலாம்," என்று ஒவ்வொரு வளைவிலும் டிக்கெட் சரிபார்ப்பவரைப் போல நிதானமாகச் சொல்லி வந்தார் அவர்.

அண்ணன் தம் வரைபடத்தைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"பின்னால நிலத்தடி ஏரி உடைஞ்சிடுச்சு. தண்ணி வருது. முன்னால இரும்புக் கதவு. அத மூடலைன்னா எல்லாரும் காலி."

"மூடறதுக்குத்தானே நான் இருக்கேன்," என்ற பிரேக்கு சற்று நிறுத்தினார். "சார், தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

"உள்பக்கம். போன வாரமே வரைஞ்சாச்சு, வேணும்னா பாருங்க."

யாரும் வரைபடத்தைப் பார்க்கவில்லை. பிரேக்கு தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"வெளிய பத்துப் பேர். பதினொண்ணாவது நான்." அவர் பேச்சில் அவசரமே இல்லை. "உள்ள நின்னு மூடிக்கறேன்."

ஆறு வாரம் காத்திருந்த சாவு, தானாக நடந்து வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டது. பேசாமல் இருந்தால் போதும். ஆனால் அவள் கையில் இருந்தது பறவையழைப்பியின் தாள். அதில் ஓர் அழைப்பு மிச்சம் இருந்தது. காற்றுத்துளை வழியாகப் பெரும்பறவை ஒன்றை இறக்கி அவரைத் தூக்கிவிடலாம். அது மற்றவர்களுக்கு நினைவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால். தாளைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு அழைப்பு பாக்கி இருக்கு, அண்ணா."

அண்ணி பென்சிலைக் கீழே வைத்தாள். "ஏய், உனக்கென்ன பைத்தியமா? இவர் எப்படா சாவார்னு தவம் கிடந்தது நீதானே?"

"நான்தான் அண்ணி. ஆனா பறவையழைப்பி கூப்பிடுவா. புத்தகம் அச்சுக்குப் போறது அவளுக்குத் தெரியாதே."

பதினான்கோ அதற்கு மேலோ விழ வேண்டும் என்றார் அண்ணன். அவள் இருபது முகப் பகடையைக் கையில் குலுக்கினாள். எந்த எண்ணை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. வெல்வெட் தட்டில் பகடை உருண்டு, ஓரத்தில் முட்டி, நின்றது. ஒன்பது.

"பறவை வரல," என்றார் அண்ணன், மெதுவாக.

"பரவாயில்ல தங்கச்சி," என்ற பிரேக்கு தம் தாளைக் குப்புறக் கவிழ்த்தார். "மூடிட்டேன்."

இறந்தவர் அரைமணி நேரம் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. அவர் கையைக் கட்டிக்கொண்டு எழுத்து அட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் தொடர்ந்தது. அவளோ ஆட்டத்தில் பாதியும் மற்றவர்கள் முகத்தில் பாதியுமாக இருந்தாள். தவிக்கிறார்களா? எங்கே தவிக்கிறார்கள்? முதல் கதவு வந்தது. அண்ணியின் வாளேந்தி அதைப் பாறையால் அடைத்தாள். காரியம் முடிந்துவிட்டது. கதவைச் சாத்த ஒரு பாறை போதும் என்றால் இந்த வகை எதற்கு? தாளைக் கிழிக்கப் போகிறார்கள்.

"புது இடம்," என்ற அண்ணன் பழக்கதோஷத்தில் பிரேக்கைப் பார்த்தார். பிரேக்கு தம் உதட்டைத் தொட்டுக்காட்டினார். ஒரு கணம் ஆட்டமே தயங்கி நின்றது. பிறகு எந்தக் கிளை வழியில் போவது என்று அவளும் அண்ணியும் வாக்குவாதத்தில் இறங்கினார்கள்; ஒருவழியாக இடப்பக்கம் போய், ஏணியேறி, வெயிலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"வெளிய வந்தாச்சு," என்றாள் அண்ணி. "எல்லாரும் வந்தாச்சில்ல?"

அண்ணன் வரைபடத்தின்மேல் பென்சிலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்களத்தான். எல்லாரும் வந்தாச்சா?"

"அத நீங்கதான் சொல்லணும்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாறைக்கு அந்தப் பக்கம், ரெண்டாவது வளைவுல ஒருத்தர் கால் இடறி விழுந்துட்டார்," என்றார் அண்ணன். "நீங்க ரெண்டு பேரும் இடமா வலமான்னு சண்டை போட்டீங்க. நான் மூணு தடவ நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். யாரும் கேக்கல."

"ஐயோ, திரும்பிப் போகலாம் வா," என்று அண்ணி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். அடுத்த கால்மணி நேரம் அந்த அறை அறையாக இல்லை. ஏணியிறங்கி, பாறையைப் பெயர்த்து, இரும்புக் கதவின் இடுக்கில் கசிந்த வெள்ளம் முழங்காலைத் தொட, இருவரும் மாறி மாறிப் பகடை உருட்டி, விழுந்தவரைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தார்கள். பேச உரிமையில்லாத பிரேக்கு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வண்டியில் பிரேக்கை மிதிப்பதுபோல் காலை ஊன்றி ஊன்றித் தவித்தார்.

அந்த மனிதர் கரையேறியபோது மணி ஐந்து இருபத்தைந்து.

"செத்தது பலிச்சுது. பேர் சொல்லு, சீக்கிரம்," என்றார் அண்ணன்.

அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். இருபத்துமூன்று பெயர்கள் எழுதி வைத்திருந்தாள். "கடைக்காவலர்?"

"வாட்ச்மேன் மாதிரி இருக்கு," என்றார் பிரேக்கு, பேச்சுரிமை திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில்.

"கதவடைப்பர்?"

"தொழிற்சங்கத்துல சண்டைக்கு வருவாங்க."

"ஈறுகாப்போர். ஈறுன்னா கடைசி..."

"பல்பொடி விளம்பரம்," என்றாள் அண்ணி. "ஏண்டி, இருபத்துமூணும் கதவு, தாழ்ப்பாள், பின்பக்கமாவே இருக்கே? கதவ நான் ஒரு பாறைய வச்சு அடைச்சேன். தலைய எண்ண ஆளில்லாமத்தானே இப்ப நாறிப்போனோம்?"

அண்ணன் தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்தார். "தலையெண்ணி," என்றார், வாய்க்குள் போட்டுப் பார்ப்பவர்போல.

அவளுக்கு முதலில் முகம் சுருங்கியது. கம்பீரமான பெயராக வர வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள். இது ஏதோ வருகைப் பதிவேடு எழுதும் ஆள்போல இருந்தது. "கொஞ்சம் சாதாரணமா இல்லையா, அண்ணா?"

"சண்டைக்கு நடுவுல கத்திப் பாத்தா தெரிஞ்சிடும்," என்ற பிரேக்கு எழுந்து நின்றார். நெரிசலான பேருந்தின் கடைசி இருக்கைவரை போய்ச் சேரும் குரல் அவருடையது. "தலையெண்ணி எங்க? தலையெண்ணியக் கூப்பிடு."

முன்கடையில் கண்ணாடி வாங்க வந்து காத்திருந்த ஒருவர் திரையை விலக்கி, "யாராவது காணாமப் போயிட்டாங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

விளையாட்டே தெரியாத மனிதர். ஒரே ஒரு கூவல். இந்தப் பெயரைக் கேட்டால் மனிதர்கள் சுற்றுமுற்றும் பார்த்து, கூட வந்தவர் எங்கே என்று தேடுகிறார்கள்.

"அதுவே இருக்கட்டும்," என்றாள். "வேற எதுவும் வேண்டாம். அண்ணா, முதல் வரியையும் மாத்தணும். கதவு கீழ போகட்டும்."

அவள் சொல்லச் சொல்ல அண்ணன் தட்டினார்: தலையெண்ணி கடைசியாக நடப்பார். எத்தனை பேர் உள்ளே போனார்களோ அத்தனை பேரும் வெளியே வரும்வரை பயணம் முடியவில்லை என்று அறிந்தவர் அவர் ஒருவரே. பக்கத்தில் அண்ணி மூச்சுவிடாமல் வரைந்தாள்: விரலை நீட்டி எண்ணும் ஓர் உருவம், நிதானமான கண்கள், மூக்கின்மேல் சற்றே சரிந்த கண்ணாடி.

"என்ன மாதிரியே இருக்கே," என்றார் பிரேக்கு.

"உங்க மாதிரி இல்ல சார், நீங்களேதான். ஆடாம நில்லுங்க, காது பாக்கி."

ஐந்து ஐம்பத்துநான்கு. "அனுப்பட்டுமா?" என்றார் அண்ணன். அவள் தலையை வேகமாக ஆட்டினாள். அவர் அழுத்தினார். கோப்பு போய்விட்டது. அவளும் அண்ணியும் கையைக் கோத்துக்கொண்டு சிறுபிள்ளைகளைப்போல நாற்காலியிலேயே குதித்தார்கள்.

திரைக்கு அப்பால், கண்ணாடி வாங்க வந்தவரை உட்காரவைத்து, தாம் எப்படிச் செத்தார் என்பதை முதலிலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தார் பிரேக்கு.