ஈரத்தில் நிறுத்த நூல்

விடியற்காலைச் சங்கு ஓய்வதற்குள் நூற்பு அறை முழுக்கப் பஞ்சுத்தூசி எழும்பிவிட்டது. கால்வாய்க்கரை ஆலையின் பெண்கள், வாயில் திணித்த ரொட்டியை மென்றபடியே இயந்திரங்களுக்கிடையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அறுந்த இழையை ஒட்டி ஒட்டி விரல் நுனிகள் வெடித்திருந்தன.

இன்ஷிராஹுக்கு எடை பார்க்கும் வேலை. நூல் சுற்றிய கட்டையான பாபினிலிருந்து நூற்றிருபது கெஜம் நூலைச் சக்கரத்தில் சுற்றித் தராசில் தொங்கவிடுவாள். கனமாக இருந்தால் தடித்த நூல், நூற்றவள் மேல் குற்றம்; லேசாக இருந்தால் மெல்லிய நூல்.

முதலாளி பஹ்கத்தை எல்லோரும் மரியாதையாகப் 'பே' என்பார்கள். அவர் போன மாதம் அந்தத் தராசை, நூலுக்கு ஆவி பிடிக்கும் அறைக்குள் மாற்றிவிட்டார். ஈரம் குடித்த நூல் கனக்கத்தானே செய்யும்? இது அவருக்கும் தெரியும், வாசலில் டீ விற்பவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவருக்கு ஆள் குறைக்க ஒரு சாக்கு வேண்டும். மூன்று முறை 'தடிப்பு' என்று குறி விழுந்தால் வேலையோடு ஆலை வீடும் போய்விடும். நூற்பவள் மப்ரூக்காவுக்கு இரண்டு விழுந்தாயிற்று.

"காயவெச்சு நிறுடி," என்று மப்ரூக்கா இன்ஷிராஹின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. நான் எங்க போவேன்?"

"ஈரத்துல நிறுக்க எனக்கு மட்டும் ஆசையா? நிறுக்கறப்ப அந்தப் பாவி பக்கத்துலயே வந்து நிக்கிறானே!"

சொல்லிவிட்டு இன்ஷிராஹ் தராசுக் கொக்கியின் ஈரத்தைத் துடைத்தாள். சே, இதுவும் ஒரு பிழைப்பா!

பே வந்து நின்றார்.

"நூல் ஈரமா இருக்கு, பே. கொஞ்சம் உலரட்டும்."

"தராசு பொய் சொல்லாது."

"தராசு சொல்லாது. வெச்ச எடம் சொல்லுது."

"வாய் நீளுதே! மப்ரூக்கா பாபினை எடு."

பாபின் ஒவ்வொன்றிலும் நூற்றவளின் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும். இன்ஷிராஹ் கூடையைக் கிளறினாள். ஒன்றில்கூடச் சீட்டு இல்லை.

"எவடி கிழிச்சது?" என்று பே கத்தினார்.

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் ஆவி அறை வாசலில் வந்து கூடினார்கள்.

"எல்லாரும்தான்," என்றாள் முன்னால் நின்ற வகீதா.

"அப்ப இது யாரு நூல்?"

"எங்க நூல்."

"மொத்தமா வெளிய தள்ளிருவேன்!"

"தள்ளுங்க. நாளையிலேர்ந்து நீங்களே நூத்துக்குங்க." சிரிக்கப் பார்த்தாள்; சிரிப்பு வரவில்லை.

பே இன்ஷிராஹ் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமாத் தொட்டுப் பாக்கறியே, அவ நூல் உனக்குத் தெரியாதா? எடுத்துக் குடு. உன் வேலையாவது தப்பும்."

தெரியும்தான். அது அவள் விரலுக்குக் கீழேயே கிடந்தது. நாளை எங்கே போய் நிற்பது என்பதுதான் தெரியவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு, பே," என்றாள். தராசை அப்படியே விட்டு எழுந்துபோய், மப்ரூக்காவின் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு அவர்களோடு நின்றாள்.