முதுகுல மாட்டின கிளிப்

எங்க அத்தானுக்கு, அதான் அக்கா வீட்டுக்காரருக்கு, மூளை இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். இருக்கு. ஆனா அதை யாருக்காவது வாடகைக்கு விட்டுட்டு அவங்க சொல்றபடி நடக்கிறதுதான் அவர் பழக்கம். முதல்ல அவரோட மேனேஜருக்கு விட்டிருந்தார். அந்த வேலை போனப்புறம் கொஞ்ச நாள் காலியாக் கிடந்துச்சு. அப்புறம் ரீச் வந்தான், பெட்டி படுக்கையோட குடியேறிட்டான்.

ரீச்ங்கிறது நான் வெச்ச பேர். அவனோட சொந்தப் பேர் விசிட்டிங் கார்டுல இருந்துச்சு, படிக்கத் தோணல. வாயைத் திறந்தா ரீச், மூடினா ரீச், அதாவது எத்தனை பேர் கண்ணுல படுதுங்கிற கணக்கு. இந்தப் படத்துக்கு ரீச் இல்லை, அந்த கலருக்கு ரீச் இல்லை. ஆன்லைன் கடைகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது அவன் தொழிலாம். சொந்தமா ஒரு கர்ச்சீப் வித்திருப்பானான்னு கேட்டா அதுக்குப் பதில் இல்லை. அத்தான் அவனை எங்க பிடிச்சார்னா, ஏதோ இலவச வகுப்புல. இலவசம்னா அத்தான் செருப்புகூடப் போடாம ஓடுவார்.

வீட்டுலேர்ந்து நடத்துற இந்த ஆன்லைன் துணிக்கடை அக்காவோடது. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இப்ப எங்க வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அத்தான் "நம்ம கடை"ன்னுதான் சொல்றார். அக்காவுக்குப் பெருத்த உடம்பு. எனக்கும்தான், எங்க அம்மாவுக்கும்தான், வஞ்சனை இல்லாம வளர்ந்த குடும்பம். துணிக்கடைக்குள்ள நாங்க காலை வெச்சா, வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அங்க இருக்கிற பொண்ணு, "உங்க சைஸ் வராதுங்க"ன்னு சொல்லும். அதையும் மெதுவாச் சொல்லாது, பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் சேர்த்துச் சொல்லும். அந்த எரிச்சல்ல ஆரம்பிச்ச கடைதான் இது. பெரிய சைஸ் மட்டும்தான். டாப்ஸ், கவுன், பேன்ட். கை தாராளமா நுழையும், பட்டன் நெஞ்சுல பிளந்துக்கிட்டு நிக்காது, எல்லாத்துக்கும் பாக்கெட் உண்டு.

படத்துக்கு அக்காவேதான் போட்டுக்கிட்டு நின்னா. வேற யார் இருக்கா? முன் ரூம்ல ஜன்னல் பக்கத்துச் சுவர், அந்தப் பக்கம் துணி மாட்டின கம்பி, இந்தப் பக்கம் பார்சல் கட்டுற மேசை, நடுவுல அக்கா. நான் என் போன்ல எடுப்பேன். வாங்குறவங்க கேள்வி கேப்பாங்க. உக்காந்தா வயித்துகிட்ட இழுக்குமா, கையைத் தூக்கினா அக்குள் பிடிக்குமா. அக்கா உடனே அதைப் போட்டுக்கிட்டு நாற்காலியில உக்காருவா, இல்லைன்னா பரண்ல எதையோ எடுக்கிற மாதிரி கையைத் தூக்குவா, நான் எடுத்து அனுப்புவேன். ஒரு தடவை ஒரு டீச்சர், குனிஞ்சு நோட்டுத் திருத்தினா முன்கழுத்து தொங்குமான்னு கேட்டாங்க. அக்கா மேசையில குனிஞ்சு தன் பொண்ணோட வீட்டுப்பாடத்தைத் திருத்துற மாதிரி நின்னா. அந்த டீச்சர் வாங்கினாங்க, அவங்க ஸ்கூல்ல பாதிப் பேர் வாங்கினாங்க. கடை ஓடுச்சு. ஓஹோன்னு இல்லை, ஆனா நிக்காம ஓடுச்சு.

அத்தானுக்கு வேலை போச்சு. மறுநாள்லேர்ந்து அவருக்கு இந்தக் கடை தன்னோட பிசினஸ். அதுவரைக்கும் "உங்க அக்கா துணி விளையாட்டு"ன்னு என்கிட்ட கிண்டல் பண்ணின ஆள்தான். இன்னும் பெருசாப் பண்ணணும், கூட்டம் வரணும்னு ரீச்சைக் கூட்டிட்டு வந்தார்.

ரீச் சோபாவுல உக்காந்து லேப்டாப்புல எங்க கடைப் பக்கத்தைக் கீழே வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அக்காவோட படம், அக்காவோட படம், மறுபடியும் அக்காவோட படம். உதட்டைப் பிதுக்கினான். துணி நல்லாத்தான் இருக்காம், ஆனா பார்க்கிறவங்களுக்கு ஆசை வரணுமாம். நாம இருக்கிற மாதிரி ஆளைப் பார்த்தா ஆசை வராதாம், நாம ஆகணும்னு நினைக்கிற ஆளைப் பார்த்தாத்தான் வருமாம். அக்கா எதிர்லேயே உக்காந்திருக்கா. அவ ஊத்திக் கொடுத்த காபி அவன் கையில இருக்கு. இதையெல்லாம் சொல்றான்.

அக்கா அவனைப் பார்க்கல. அத்தானைத்தான் பார்த்தா. இந்த இடத்துல ஒரு புருஷன் என்ன சொல்லணும்? பெருசா ஒண்ணும் வேணாம். "அவ போட்டாத்தான்யா விக்குது"ன்னு ஒரு வார்த்தை போதும். அத்தான் லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டே, "அவர் சொல்றதும் சரிதானே"ன்னார். அவ்வளவு சீக்கிரமாச் சொன்னார். ரொம்ப நாளா நாக்கு நுனியில வெச்சிருந்த மாதிரி.

அன்னிக்கே அக்கா இருக்கிற எல்லாப் படத்தையும் பக்கத்துலேர்ந்து தூக்கிட்டாங்க. சண்டை போடுக்கான்னு நான் கத்தினேன். கடை நல்லா வந்தாச் சரிதான்டின்னு சொல்லிட்டு இஸ்திரி போடப் போயிட்டா. ஆனா அதுக்கப்புறம் பொண்ணோட பிறந்தநாள் வந்துச்சு. எல்லாரும் நிக்கிறோம், போட்டோ எடுக்கணும். நானே எடுக்கறேன்னு அக்கா போனை வாங்கிக்கிட்டா. அந்த வருஷம் பிறந்தநாள் படம் எதுலயும் புள்ளையோட அம்மா இல்லை. அத்தான் அதைக் கவனிக்கக்கூட இல்லை, படத்துல அவர் நல்லா விழுந்திருக்காரான்னுதான் பார்த்தார்.

ரீச் ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தான். காலேஜ்ல படிக்குது, நல்ல பொண்ணு, அதைக் குத்தம் சொல்லமாட்டேன். ஆனா இடுப்பு என் கைக்குள்ள அடங்கும். எங்ககிட்ட இருக்கிறதுலேயே சின்ன டாப்ஸைப் போட்டுவிட்டா, அதுக்குள்ள அந்தப் பொண்ணை எங்கேன்னு தேடணும். சைஸ் ஒத்துவராதேன்னு நான் கேட்டேன். ரீச் என்னைப் பார்த்துச் சிரிச்சான், குழந்தையைப் பார்த்துச் சிரிப்பாங்களே அப்படி. அப்புறம் எங்க பால்கனிக்குப் போனான். கொடியில துணி காயப்போடுற பிளாஸ்டிக் கிளிப்பை எல்லாம் கழட்டிட்டு வந்தான். டாப்ஸைப் பின்னாடி கொத்தா இழுத்துப் பிடிச்சு, கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் வரிசையாக் கிளிப்பை மாட்டினான். முன்னாடிலேர்ந்து பார்த்தா உடம்போட ஒட்டித் தச்ச மாதிரி கச்சிதமா இருந்துச்சு. பின்னாடி பார்த்தா நீலம், பச்சை, சிவப்புன்னு முள்ளு முள்ளா நிக்குது. அத்தான் வாயைப் பிளந்துக்கிட்டு, "எப்படிங்க இதெல்லாம் தோணுது உங்களுக்கு"ங்கிறார். துணி காயப்போட்டிருந்தா அவருக்கும் தோணியிருக்கும். அவர் அந்தப் பால்கனிக்குப் போனதே இல்லை.

கூட்டம் வந்துச்சு, இல்லைன்னு சொல்லல. வந்தது யாருன்னு பார்க்கணுமே. ஒல்லியா இருக்கிற பொண்ணுங்க படத்தைப் பார்த்து மயங்கி ஆர்டர் போட்டாங்க. பார்சல் போய்ச் சேரும், பிரிப்பாங்க, உள்ளே ஒரு கூடாரம் இருக்கும். திட்டித் திருப்பி அனுப்புவாங்க. எங்களோட பழைய ஆளுங்க படத்தைப் பார்த்துட்டு, ஓஹோ இவங்களும் அந்தப் பக்கம் போயிட்டாங்கன்னு சத்தமில்லாம நகர்ந்துட்டாங்க. முன் ரூம் முழுக்கத் திரும்பி வந்த மூட்டை. அதைப் பிரிச்சு, உதறி, சென்ட் வாடை போக மறுபடி இஸ்திரி போடறது அக்கா. ரீச்சும் அத்தானும் சோபாவுல உக்காந்து, எத்தனை பேர் வந்து எட்டிப் பார்த்தாங்கன்னு கோடு போட்ட படத்தைக் காட்டிக் கைகுலுக்கிக்கிறாங்க. அக்காவும் அந்தக் கோட்டை ஒருநாள் எட்டிப் பார்த்தா. "இதுல வாங்கினது யாருங்க?"ன்னு கேட்டா. அதெல்லாம் பின்னாடி வரும்னு ரீச் சொன்னான்.

அடுத்தது லைவ். அந்தப் பொண்ணு நேரடியாப் போட்டுக் காட்டணும், பார்க்கிறவங்க அப்பவே ஆர்டர் பண்ணணும். எங்க வீட்டுல இல்லாத விளக்கெல்லாம் வாடகைக்கு வந்துச்சு. அத்தான் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். பொண்ணு பச்சை கவுன்ல, முதுகு நிறைய கிளிப்போட, சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டி அழகாப் பேசிக்கிட்டிருக்கு. நல்லாத்தான் போச்சு. கொரியர்காரர் வந்து காலிங்பெல்லை அடிச்சார். திருப்பி அனுப்பின மூட்டையோட தினம் வர்றவர்தான். யாருன்னு பார்க்க அந்தப் பொண்ணு சட்டுனு திரும்பிடுச்சு.

அத்தான் கேமராவை நகர்த்தணும்ல? நகர்த்தல. அவரும் வாசலைத்தான் பார்த்தார். கொடியைப் பிடுங்கி முதுகுல நட்ட மாதிரி அத்தனை கிளிப்பும் ஊருக்கே தெரிஞ்சுது. போதாததுக்கு ஒரு கிளிப் தெறிச்சு, வாடகை விளக்குல பட்டு, டொக்குன்னு விழுந்துச்சு. பொண்ணுக்கே சிரிப்பு அடங்கல. நான் பார்சல் மேசைக்குக் கீழே உக்காந்து சிரிச்சேன்.

அந்த வீடியோ எங்கெங்கேயோ போச்சு. ரீச் கேட்டானே, கிடைச்சுது ரீச். கழுவிக் கழுவி ஊத்தினாங்க. பெரிய சைஸ் கடைன்னு சொல்லிட்டு ஒல்லிப் பொண்ணுக்குக் கிளிப் மாட்டுறீங்களே, வெக்கமா இல்லையான்னு. அதுக்கு நடுவுல எங்க பழைய ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து ஒரே கேள்வியைக் கேட்டாங்க. முன்னாடி போட்டுக் காட்டுவாங்களே அந்த அக்கா எங்கே? டீச்சரும் கேட்டிருந்தாங்க. நான் அதையெல்லாம் அக்காகிட்ட படிச்சுக் காட்டினேன். அவ இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வெச்சுட்டு நின்னு கேட்டா. கண்ணு கலங்கிடுச்சு. மறுபடி படின்னா. படிச்சேன்.

ரீச் வேற வீடா இருந்தா ஓடியிருப்பான். அத்தான் இருக்கிற வீடாச்சே, உக்காந்து அடுத்த திட்டம் போட்டான். அக்காவையே திருப்பிக் கொண்டுவரணுமாம். புருஷனும் பொண்டாட்டியுமா லைவ்ல உக்காரணும், என் மனைவி எப்படி இருந்தாலும் எனக்கு அழகுதான்னு அத்தான் சொல்லணும். உருக்கமா. பேப்பர்ல எழுதியே கொடுத்துட்டான். அந்த ஒரு வரியைச் சொல்ல எங்க அத்தானுக்குப் பேப்பர் வேணும். ரெண்டு நாளா வீட்டுல நடந்து நடந்து மனப்பாடம் பண்ணினார்.

இதுக்கு ஒத்துக்காதேன்னு அக்காவைக் கெஞ்சினேன். அவ முன்னாடி படத்துக்குப் போட்டுக்கிட்டு நின்ன நீல கவுன் ஒண்ணைப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தா. தலையை வாரி, பொட்டு வெச்சு, கொஞ்சம் லிப்ஸ்டிக்கும்கூட. "அவர் வாயால ஒரு தடவை கேக்கணும்டி"ன்னா. பேப்பர்ல எழுதினதா இருந்தாலும் பரவாயில்லையாம்.

லைவ் ஆரம்பிச்சுது. போனை இந்தத் தடவை ரீச் பிடிச்சான். பார்க்க அவ்வளவு பேர் வந்திருந்தாங்க. அத்தான் தொண்டையைச் செருமி, அக்கா தோள்ல கையைப் போட்டு, ஒப்பிச்சார். ஒரு வார்த்தை பிசகல. எல்லாரும் ஹார்ட்டா விட்டாங்க.

அக்கா அவர் பக்கம் திரும்பினா. கேமராவை மறந்தே போயிட்டான்னு நினைக்கிறேன். சமையல் ரூம்ல கேக்கிற மாதிரி சாதாரணமாத்தான் கேட்டா.

"அப்படின்னா என் படத்தை ஏங்க தூக்கச் சொன்னீங்க?"

பேப்பர்ல இது இல்லை. அத்தான் ரீச்சைப் பார்த்தார். கட்டின பொண்டாட்டி, தோள்ல கை, கேட்டது அவரை, பதிலுக்கு அவர் ரீச் மூஞ்சியைப் பார்க்கிறார். ரீச்சோ, ஒரு கையில போனைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால விடாதீங்க, விடாதீங்க, கூட்டம் ஏறுதுன்னு சைகை காட்டறான். அத்தான் அந்தக் கையைப் பார்த்துட்டு கேமராவுக்குப் பல்லைக் காட்டினார்.

ஆர்டர் கொட்டுச்சு. கடை ஆரம்பிச்சதுலேர்ந்து அப்படி ஒரு நாள் இல்லை. பழைய ஆளுங்க, புது ஆளுங்க, எல்லாம் எங்க சைஸ் ஆளுங்க. அக்கா போட்டிருந்த அந்த கவுன் தீர்ந்தேபோச்சு. லைவை அணைச்சதும் ரீச் இது தன்னோட திட்டம்னான், அத்தான் அவனைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். பாத்தியா, எப்படிக் கொண்டுவந்தோம் பாத்தியான்னு அக்காகிட்ட வந்து நின்னார்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லல நீங்க."

"என்ன கேட்ட?"

நடிக்கல அவர். நிஜமாவே அவருக்கு ஞாபகம் இல்லை. நெத்தியைச் சுருக்கி யோசிச்சார், ரீச்சைத் திரும்பிப் பார்த்து, என்ன கேட்டான்னு அவன்கிட்ட வேற கேட்டார்.

அக்கா என்கிட்ட வந்து, குரலை உயர்த்தாம, "கடையோட பாஸ்வேர்டை மாத்துடி. நமக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்"னா. நான் அந்த நிமிஷமே மாத்தினேன். அவ ஜன்னல் பக்கத்துச் சுவர்ல போய் நின்னு, அடுத்த துணியை எடுத்துட்டு வாடின்னா.

அத்தான் இன்னும் சோபாவுலதான் உக்காந்திருக்கார். பழைய பாஸ்வேர்டையே திருப்பித் திருப்பி அடிச்சுப் பார்க்கிறார்.