சீல் போகவில்லை

குணசேகர் அந்தக் காரைத் தனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையிலும் திட்டி முடித்து, புதிதாக ஒன்றும் அகப்படாமல், முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தான். இன்றோடு ஒன்பது நாள். பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டுக்குப் பின்னால், அவன் மெக்கானிக்காக இருக்கும் கிளெமென்ட்டின் தகரக் கொட்டகை ஒர்க் ஷாப். அதற்குள் எண்பத்தொன்பதாம் வருஷத்து ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, சிவப்பாக, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருமும். வெயில் ஏறி எஞ்சினும் சூடானால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மழை பிடித்தால் நாள் முழுக்க இருமல்தான்.

மற்ற கார் என்றால் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் பிஸ்டனே கிடையாது. ரோட்டரி எஞ்சின். ரோட்டர் என்று முக்கோணமாக ஒரு இரும்பு, வேர்க்கடலை ஓடு போல நடுவில் ஒடுங்கிய கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, அதுதான் சீல். சீல் தேய்ந்தால் எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். இதைப் பிரித்துப் போட பெங்களூரில் நூறு பேர் கிடைப்பார்கள். திரும்பச் சேர்க்க ஒருத்தனும் கிடையாது, குணசேகரும் உள்பட. இதே மாதிரி எஞ்சின் ஒன்று மர்பி டவுனில் ஆறு வருஷமாக நாலு சாக்குப்பையில் கிடப்பதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

பதினோரு மணிக்கு எஞ்சினை வெளியே தூக்கிப் பிரிக்கத் தள்ளு கிரேன் வருகிறது. கார்க்காரர் முடிவு செய்துவிட்டார்.

கார்க்காரர் ஸ்ரீஹர்ஷா மல்லேஸ்வரத்துப் பழைய குடும்பம், சாப்ட்வேரில் பெரிய வேலை. காலை ஒன்பது மணிக்கே வந்து, ஸ்டூலைத் துடைத்து உட்கார்ந்து, போனில் இந்தக் கார்க்காரர்கள் கூடும் ஃபோரத்துக்குள் தலையை விட்டவர்தான்.

"குணசேகர், இந்த ஃபோரம்ல ஒரு நியூசிலாந்துக்காரன் எழுதியிருக்கான். இப்படி இருமினா தொண்ணூறு பர்சென்ட் சீல்தானாம்."

"நேத்து ஒரு கனடாக்காரன் பெட்ரோல் பம்புன்னான் சார். அதையும் கழட்டி மாட்டியாச்சு."

"அது வேற த்ரெட்."

"சீல் போகல சார். கம்ப்ரஷன் பாத்தோம்ல? சீல் போயிருந்தா மீட்டர் முள்ளு படுத்திருக்கும். மூணு வாட்டியும் ஒரே மாதிரி எகிறுச்சு. நீங்கதான வீடியோ எடுத்தீங்க?"

"அந்த வீடியோவப் பாத்துட்டுத்தான் அவன் சீல்ங்கறான்."

குணசேகர் பிளக் ஸ்பானரைக் கையில் எடுத்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து விடிகாலை ரயிலைப் பிடித்து, நின்றுகொண்டே வந்து, நின்றுகொண்டே வேலை பார்த்து, நின்றுகொண்டே திரும்புகிறவன் அவன். அப்பா தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். உட்கார்ந்த இடத்தில் போனைத் தடவிக்கொண்டு யோசனை சொல்கிறவர்களை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஆகாது.

நாலு பிளக்கையும் முன்னது பின்னதாக மாற்றிப் போட்டுப் பார்த்தான். இருமல் முன் ரோட்டரிலேயே நின்றது. பிளக் வயரை மாற்றினான். அப்பவும் அதே ரோட்டர். பிளக்குக்குக் கரன்ட் அனுப்பும் காயிலை மீட்டர் வைத்துப் பார்த்தான்; கணக்காகக் காட்டியது. வேறு காயில் போட்டுப் பார்க்கலாமென்றால் அது இந்த நாட்டிலேயே கிடையாது. மிச்சம் இருந்தது ஒரே காரணம், சீல். அதைத்தான் ஒன்பது நாளாக அவன் இல்லை இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தான்.

"டேய் குணா," கண்ணாடி ரூமிலிருந்து கிளெமென்ட் கத்தினார். "சும்னே மண்டைய ஒடச்சுக்காத. அவரு வண்டி, அவரு எஞ்சின். தூக்கி அனுப்பு. எடம் காலியாவட்டும்."

"தூக்கிட்டா அப்புறம் வண்டியே இல்லண்ணா. கொழந்த வெளாட்றதுக்குத்தான் ஆவும்."

"அத அவருகிட்ட சொல்லு."

"ஒம்போது நாளா வேற இன்னா சொல்றேன்?"

பத்தரைக்கு மழை வந்தது. தகரத்தின் ஓட்டையிலிருந்து தண்ணீர் நேராக எஞ்சின்மேல் சொட்டியது. குணசேகர் எரிச்சலோடு காரின் கறுப்பு உறையை எடுத்து, திறந்திருந்த பானெட்டின் மேலேயே போர்த்தி, தானும் உள்ளே புகுந்தான். எஞ்சின் லொக் லொக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. உறைக்குள் கும்மிருட்டு. ஒரு நிமிஷமாவது கார்க்காரர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தான்.

காயிலின் தலையில் ஒரு நீல நூல். வயருக்குள் போக வேண்டிய கரன்ட் வெளியே நழுவி, காயிலின் தோள்மேல் ஊர்ந்து, அதைப் பிடித்திருந்த இரும்புத் தகட்டில் டிக் டிக்கென்று குதித்தது. ஒவ்வொரு டிக்குக்கும் எஞ்சின் ஒரு இருமல்.

போன் வெளிச்சத்தை அடித்தான். நூல் ஓடிய பாதையில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். மழை ஈரத்தில் ஊறிப்போய், நடுவே தலைமுடி கனத்துக்குக் கருகிய கோடு.

வைத்தவன் அவனே. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆயில் மாற்ற வந்து நின்ற வண்டி. மற்ற வண்டிகளுக்கெல்லாம் பானெட்டில் பொட்டு. இதற்கு மட்டும், அபூர்வமான எஞ்சின் என்று, பானெட்டைத் திறந்து, துணியால் ஒற்றியெடுத்து, நெருப்பு பிறக்கிற இடத்திலேயே வைத்தான். வண்டி அந்தப் பொட்டோடு போய் இருமலோடு திரும்பி வந்தது. இந்த ஒன்பது நாளில் அதை இருநூறு தடவை பார்த்திருப்பான். அவனுடைய மீட்டரிலும் பொட்டு, ஸ்பானர் பெட்டியிலும் பொட்டு, கம்ப்ரசரிலும் பொட்டு. கிரீஸ் இருந்திருந்தால் துடைத்திருப்பான். பொட்டை யார் துடைப்பார்கள்?

கண்ணாடி ரூமுக்குப் போய்ச் சொன்னான். கிளெமென்ட்டுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"நான் ஜெபம் பண்றதோட நிறுத்திக்கிறேன்பா. நீ எஞ்சினுக்கு மேக்கப்பே போட்டுட்ட."

"சிரிக்காதீங்கண்ணா. அவருகிட்ட இன்னா சொல்றது?"

"காயில்ல கீறல், சரி பண்ணியாச்சுன்னு சொல்லிட்டுப் போ. பொட்டுன்னு சொன்னா, ஓசூர் ரோடு பூரா காறித் துப்புவான்."

கீறல் என்றால் அந்த ஆள் புதுக் காயில் கேட்பார். நியூசிலாந்தைக் கேட்பார். கடைசியில் சீலில் வந்து நிற்பார். குணசேகர் நேராக ஸ்டூலிடம் போனான்.

"சார், கெடச்சிடுச்சு. நான் வச்ச பொட்டு. காயில் மேல. அதுல ஈரம் எறங்கி கரன்ட் லீக் ஆவுது. தப்பு என்னுது."

ஸ்ரீஹர்ஷா போனிலிருந்து தலையை எடுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பொட்டா?"

"பொட்டு சார்."

"குணசேகர், பதினஞ்சு வருஷ ஃபோரம் இது. ஒருத்தன்கூட இப்படி எழுதல."

"நியூசிலாந்துல ஆயுத பூஜ ஏது சார்?"

"எஞ்சினத் திறக்க உங்களுக்குப் பயம். அத நேராவே சொல்லலாமே."

குணசேகருக்குக் காது சூடாகியது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தப்பைத் தானே போய் ஒப்புக்கொண்டிருக்கிறான், அதையும் பொய் என்கிறார் இந்த மனுஷன். எஞ்சினை நிறுத்தி, காயிலைத் துடைத்து, கருகிய கோட்டை பிளேடால் சுரண்டி, ஸ்ப்ரே அடித்துக் காயவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தான். சுருதி பிடித்தாற்போல ஓடியது. ஒரு இருமல் இல்லை.

"சூடாயிடுச்சு. சூடானா எப்பவும் இப்படித்தான ஓடும்?" என்றார் ஸ்ரீஹர்ஷா.

வாசலில் கிரேனைத் தள்ளிக்கொண்டு வெங்கடசாமி நனைந்தபடி வந்து நின்றான். "தூக்கணுமா, பேடவா? பேகா, சீக்கிரம் சொல்லு குரு. கோரமங்களாவுல ஒருத்தன் காத்துட்டிருக்கான்."

"நில்லுய்யா!" என்று கத்தினான் குணசேகர். எஞ்சினை நிறுத்தினான். ஸ்பானர் பெட்டியைக் கவிழ்த்து குங்குமப் பொட்டலத்தைத் தேடி எடுத்தான். உள்ளங்கையில் ஓட்டைத் தண்ணீரைப் பிடித்துக் குழைத்து, காயில் தலையில் அதே இடத்தில் பட்டையாக அப்பினான். சாமிக்கு வைக்கிற கை இல்லை அது. சுவரில் சாணி அறைகிற கை.

"வாங்க சார். வந்து தலைய உள்ள வுடுங்க."

இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்ரீஹர்ஷா உறைக்குள் நுழைந்தார். குணசேகர் சாவியைத் திருப்பினான். லொக். லொக். லொக்.

உறைக்குள் அவர் முதுகு இன்னும் குனிந்தது. பிறகு, "அய்யோ, ஓடறது! நீலமா ஓடறது!"

"சூடாத்தான சார் இருக்குது எஞ்சினு?"

"இன்னொரு வாட்டி தொடச்சுட்டுக் காட்டுங்கோ."

துடைத்தான். பாடியது. அப்பினான். இருமியது. மூன்றாவது தடவை கேட்டபோது கிளெமென்ட்டே எழுந்து வந்து, "சார், இது என்ன சர்க்கஸா? போதும்," என்றார். ஸ்ரீஹர்ஷா கையை ஆட்டி வெங்கடசாமியைப் போகச் சொன்னார். வெங்கடசாமி கன்னடத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டுக் கிரேனைத் திருப்பினான்.

எஞ்சின் தப்பித்தது. குணசேகர் கடைசித் தடவையாகத் துடைத்துக் காயவைத்துவிட்டு, கையைக் கழுவக் குழாயடிக்குப் போனான். குங்குமம் லேசில் போகவில்லை. பின்னாலேயே போனைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீஹர்ஷா வந்தார்.

"குணசேகர், ஃபோரம்ல போடணும். அந்தப் பொட்ட இன்னொரு தடவ வச்சு, பக்கத்துல நில்லுங்கோ. சிரிங்கோ."

குணசேகர் கையை உதறினான்.

"வயர வேணா எடுங்க, காயில எடுங்க. மூஞ்சி வேணாம் சார். ஓசூர் ரோட்டுல காட்ட மூஞ்சி எனக்கு வேணும்."